நூறு சதவீதம் போதாது

நவம்பர் பிறந்ததும் டில்லியின் மின்சாதனக் கடைகளில் முன்வரிசை மாறிவிடும். ஏர்கூலர்கள் உள்ளறைக்குப் போக, ஹீட்டர்கள் வாசலுக்கு வரும். யமுனைக்குக் கிழக்கே, தென்னிந்தியக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வேர்விட்டிருக்கும் மயூர் விஹாரிலும், ஆச்சார்யா நிகேதன் போன்ற கடைத்தெருக்களில் இதுதான் நிலை. கம்பி சிவந்து ஒளிரும் ஹீட்டர், குவார்ட்ஸ் குழாய் ஹீட்டர், சூடான காற்றை ஊதும் ப்ளோயர், மடிப்பு மடிப்பாக நிற்கும் ஆயில் ஹீட்டர் என்று வகைக்கு ஒன்றாக இருக்கும். விலைகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். விலை ஏற ஏற விற்பவர் வாயில் தவறாமல் வரும் வாக்கியம், இது கரண்ட் கம்மியாக இழுக்கும் என்பது. சென்னையிலும் மதுரையிலும் ஹீட்டர் என்றால் குளியலறையில் இருப்பது மட்டும்தான். அறையைச் சூடாக்கும் கருவியை டில்லி வந்த பிறகே முதன்முதலில் வாங்குபவருக்கு அந்த வாக்கியத்தைச் சரிபார்க்க வழி தெரிவதில்லை. வழி மிக எளிது. இந்தக் கருவிகள் அத்தனையும் மின்சாரத்தை வெப்பமாக மாற்றுவதில் நூறு சதவீதத் திறன் உடையவை. மலிவானதும் அப்படியே, விலை உயர்ந்ததும் அப்படியே. அந்த நூறு சதவீதத்தில் பெருமைப்பட எதுவும் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஹீட்டர் விஷயத்தில் பணமும் நிலக்கரியும் வீணாகும் இடம் ஹீட்டருக்கு வெளியே இருக்கிறது.

முதலில் கம்பிக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஓரளவு தடையின்றித் திரிகின்றன. மின்னழுத்தம் கொடுத்ததும் அவை ஒரு திசையில் நகரத் தொடங்குகின்றன; ஆனால் வழியெல்லாம் அணுக்கள் அதிர்ந்துகொண்டிருப்பதால் அவற்றோடு மோதி, பெற்ற ஆற்றலை அங்கேயே கொடுத்துவிடுகின்றன. அணுக்களின் அதிர்வு கூடுகிறது. அதிர்வு கூடுவதற்குத்தான் வெப்பநிலை ஏறுவது என்று பெயர். இதை அளந்து விதியாக்கியவர் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் ஆலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். 1840இல், இருபது வயது தாண்டியிருந்த அவர், கம்பிச் சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று தெர்மாமீட்டரால் பார்த்தார். மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வெப்பம் நான்கு மடங்காயிற்று. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் ஒரு நொடியில் பிறக்கும் வெப்பம் கிடைக்கும் என்ற முடிவு அங்கிருந்து வந்தது. இன்று வாளியில் தொங்கவிடும் இம்மர்ஷன் ராடு, ஜூலின் அந்தப் பரிசோதனையேதான். தெர்மாமீட்டர் மட்டும் இல்லை.

இந்த விதியைப் படித்ததும் ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும். மின்தடை கூடினால் வெப்பம் கூடும் என்றால், தடை அதிகமான கம்பிதான் நல்ல ஹீட்டரா? இல்லை. வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட் என்று நிலையாக இருக்கிறது. அந்த நிலையில் தடை கூடினால் மின்னோட்டம் குறைந்துவிடும். வர்க்கத்தில் இருப்பது மின்னோட்டம் என்பதால் மொத்தத்தில் வெப்பமும் குறையும். 2,000 வாட் ஹீட்டரின் தடை ஏறத்தாழ 26 ஓம், அது இழுப்பது 8.7 ஆம்பியர். 1,000 வாட்டுக்குத் தடை 53 ஓம். ஹீட்டரில் இரண்டாவது சுவிட்சைப் போட்டதும் சூடு இரட்டிப்பாவது, இன்னொரு சுருள் பக்க இணைப்பில் சேர்ந்து மொத்தத் தடையைப் பாதியாக்குவதால். ஆனால் சுவரிலிருந்து ஹீட்டர்வரை வரும் செம்புக் கம்பியிலும் அதே 8.7 ஆம்பியர்தான் ஓடுகிறது. அது ஏன் சிவக்கவில்லை? அங்கே மின்னோட்டம் பொதுவானது, எனவே தடை அதிகமுள்ள பகுதியே வெப்பத்தை அள்ளிக்கொள்கிறது. செம்பைவிட அறுபது மடங்குக்கும் மேல் தடைத்திறன் கொண்ட நைக்ரோம் கம்பி ஹீட்டருக்குள் அந்த வேலையைச் செய்கிறது. நிக்கலோடு சுமார் 20 சதவீதம் குரோமியம் கலந்த இந்தக் கலவைக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்றார். வீட்டு மின்ஹீட்டர் என்ற தொழிலே இதற்குப் பிறகுதான் நிமிர்ந்தது என்று சொல்வேன். ஜூலின் விதி எழுதப்பட்டு அறுபது ஆண்டுகள் ஆகியும், சிவக்கச் சிவக்கக் காற்றில் நின்று எரிந்துபோகாத மலிவான கம்பி கிடைக்கவில்லை. நைக்ரோம் சூடானதும் அதன் மேல் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் படிகிறது. அந்தப் படலம் உள்ளிருக்கும் உலோகத்தை ஆக்ஸிஜனிடமிருந்து காக்கிறது.

இப்போது நூறு சதவீதத்துக்கு வருவோம். மோட்டாரிலோ பல்பிலோ வீணாகும் ஆற்றல் என்று நாம் சொல்வது, வேண்டாத வெப்பமாகப் போவதைத்தான். ஹீட்டரில் நமக்கு வேண்டியதே வெப்பம் என்பதால் வீணாக வழியே இல்லை. ப்ளோயரின் விசிறி செய்யும் வேலையும், குவார்ட்ஸ் குழாயின் செந்நிற ஒளியும் நாலு சுவர்களுக்குள் அடங்கி வெப்பமாகவே முடிகின்றன. ஆகவே 2,000 வாட் ப்ளோயரும் 2,000 வாட் ஆயில் ஹீட்டரும் ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் ஒரே அளவு வெப்பத்தைத் தரும், ஒரே இரண்டு யூனிட்டைக் காட்டும். ஆயில் ஹீட்டரில் இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, தீர்வதில்லை. வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கொடுக்கிறது, அவ்வளவே. அணைத்த பின்னும் சூடாக இருக்கிறதே என்பார்கள். தொடக்கத்தில் சூடாக நேரம் எடுத்துக்கொண்ட கடனைத்தான் அது பிறகு அடைக்கிறது. தெர்மோஸ்டாட் அவ்வப்போது துண்டித்துக்கொடுப்பதால் யூனிட் குறைகிறது என்பது உண்மை. ஆனால் அது தெர்மோஸ்டாட்டின் புண்ணியம், எண்ணெயின் புண்ணியம் இல்லை. தெர்மோஸ்டாட் உள்ள ப்ளோயரும் அதையேதான் செய்யும்.

இதற்கு அரசாங்கமே ஒரு சாட்சி தருகிறது. மின்சார கீசரில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரை எதை அளக்கிறது என்று பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பி.இ.இ. என்னும் ஒன்றிய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு, கீசர் தண்ணீரை எவ்வளவு திறமையாகச் சூடாக்குகிறது என்று பார்ப்பதே இல்லை. அதில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது என்று அதற்குத் தெரியும். சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரி கூடுதலாக வைத்த தண்ணீரிலிருந்து 24 மணி நேரத்தில் தொட்டியின் சுவர் வழியே எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பதுதான் அங்கே அளவுகோல். ஐந்து நட்சத்திரம் என்பது தொட்டியைச் சுற்றியிருக்கும் நுரைக்காப்புக்குக் கிடைத்த மதிப்பெண். 15 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக எந்த கீசருக்கும் 0.8 யூனிட் வேண்டும். 2,000 வாட் என்றால் 24 நிமிடம் ஆகும். உப்புத் தண்ணீர் படிந்து ராடு வெள்ளையாகிவிட்டால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று பிளம்பர்கள் சொல்வதும் இதே கணக்கில் அடிபடுகிறது. சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைத் தடுக்கும், அதனால் உள்ளே இருக்கும் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகிச் சீக்கிரம் அறுந்துபோகும். ராடு வீணாகும் என்பது சரி. ஆனால் பிறந்த வெப்பத்துக்குத் தண்ணீரைத் தவிரப் போக்கிடம் இல்லை என்பதால் யூனிட் கணக்கு ஏறக்குறைய மாறாது.

அறைக்கு வந்தால் கதை சுவாரசியமாகிறது. 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்றின் எடை சுமார் 40 கிலோ. அதை 10 டிகிரி உயர்த்த 0.11 யூனிட் போதும்; 2,000 வாட் ஹீட்டர் நாலே நிமிடத்துக்குள் முடித்துவிடும். அப்படியானால் மயூர் விஹார் வீடுகளில் இரவெல்லாம் ஹீட்டர் ஓடுவானேன்? வெளிப்பக்கம் பார்த்த இரண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களின் எடை மட்டும் எட்டு டன்னுக்கு மேல். ஒரு டிகிரி உயர்வதற்கு அந்தச் சுவர்கள் குடிக்கும் வெப்பம், அறைக்காற்று குடிப்பதைப்போல் ஏறத்தாழ 170 மடங்கு. ஹீட்டரை அணைத்ததும் பத்து நிமிடத்தில் குளிர் திரும்புவதற்குக் காரணம் இதுதான்: சூடானது காற்று மட்டும், சுவர் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது. வெளிச்சுவர் வழியாக 400 வாட், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியாக 100 வாட், கதவிடுக்கில் மாறும் காற்றோடு இன்னொரு 100 வாட் என்று, உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் அறை இடைவிடாமல் 600, 700 வாட்டை இழந்துகொண்டே இருக்கும். மேல்மாடி வீடு என்றால் கூரை வழியாக மேலும் போகும். நம் ஊர்க் கட்டடங்கள் கோடைக்குக் காற்றோட்டம் வேண்டிக் கட்டப்பட்டவை. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கை அடைத்து, கனமான திரை போடும் சில நூறு ரூபாய்ச் செலவு, ஹீட்டரை மாற்ற ஆகும் ஆயிரங்களைவிடப் பயன் தரும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

அறையைச் சூடாக்காமல் ஆளைச் சூடாக்குவது இன்னொரு வழி. சிவந்த கம்பியும் குவார்ட்ஸ் குழாயும் தங்கள் வெப்பத்தில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக அனுப்புகின்றன. அந்தக் கதிர் இடையிலுள்ள காற்றைப் பொருட்படுத்தாமல் எதிரே இருப்பவரின் தோலில் வந்து விழும். படிக்கும் மேஜைக்கடியில் காலருகே வைத்த 400 வாட் குழாய், மூலையில் இரையும் 2,000 வாட் ப்ளோயரைவிட இதமாக இருப்பது அதனால்தான். மின்போர்வைக்குப் பெரும்பாலும் 100 வாட்டே போதும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் வெளியிடும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே. வட இந்தியரின் பஞ்சடைத்த போர்வையான ரஜாய் அந்த 100 வாட்டையும் மிச்சப்படுத்தி, உடலின் வெப்பத்தை உடலுக்கே திருப்பித் தருகிறது. எல்லா ஹீட்டருக்கும் திறன் ஒன்றே என்றால், யார் பக்கத்தில் எவ்வளவு வாட் என்பதுதான் தேர்வு.

இதுவரை பார்த்த நூறு சதவீதம் மீட்டரிலிருந்து தொடங்கும் கணக்கு. மீட்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? டில்லி தன் எல்லைக்குள் மின்சாரத்துக்காக நிலக்கரி எரிப்பதை நிறுத்திவிட்டது. பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. ஆனால் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி, ஹரியானாவின் ஜஜ்ஜர் போன்ற இடங்களிலிருந்து நிலக்கரி மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மீதி குளிர்விப்புக் கோபுரத்தின் வழியாகவும் புகைபோக்கியின் வழியாகவும் வானத்துக்குப் போகிறது. கம்பித்தடங்களில் இன்னும் கொஞ்சம் போகும். வெப்பத்தை அரும்பாடுபட்டு மின்சாரமாக்கி, மூன்றில் இரண்டு பங்கை இழந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி வெப்பமாகவே ஆக்குகிறோம். டில்லிக்குப் புனல் மின்சாரமும் சூரிய மின்சாரமும் வருகின்றனவே என்று கேட்கலாம். வருகின்றன. ஆனால் ஹீட்டர் ஓடுவது இரவிலும் பனிமூட்டம் கலையாத விடிகாலையிலும். அப்போது சூரியத் தகடு உறங்குகிறது, இமயத்து ஆறுகளிலும் குளிர்காலத்தில் நீர்வரத்து குறைவு.

மாற்று சில வீடுகளில் ஏற்கெனவே சுவரில் தொங்குகிறது, அல்லது அடுத்த முறை வாங்கும்போது தொங்கலாம். ஏசி என்பது குளிரைத் தயாரிக்கும் பெட்டி இல்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே இறைக்கும் கருவி. ஒரு வால்வைத் திருப்பி அதன் வாயுவை எதிர்த் திசையில் ஓடவிட்டால் வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இறைக்கும். ஹீட் பம்ப் என்பது இதுதான். 8 டிகிரிக் குளிரில் ஏது வெப்பம் என்று தோன்றும். அந்தக் காற்றைவிடக் குளிர்ந்த ஒரு சுருளை அதில் வைத்தால் காற்றிலிருந்து சுருளுக்கு வெப்பம் பாய்ந்தே தீரும். கம்ப்ரஸர் அந்த வாயுவை அழுத்திச் சூடாக்கி உள்ளே கொண்டுவருகிறது. கட்டடங்களை இப்படிச் சூடாக்கலாம் என்று 1852லேயே எழுதியவர், பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் என்பது டில்லிக் குளிருக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் விகிதம். ஆற்றல் அழிவின்மை விதி இதனால் மீறப்படவில்லை. ஒன்று மின்சாரம் தந்தது, இரண்டு வெளிக்காற்று தந்தது. மேலே சொன்ன அறைக்கு 650 வாட் வெப்பம் வேண்டுமானால் இந்தக் கருவி 220 வாட் இழுக்கும். தாத்ரியில் இழந்த மூன்றில் இரண்டு பங்கை வீட்டு வாசலில் ஏறக்குறைய முழுதாக மீட்டுவிடுகிறோம். ஆர்க்டிக் குளிருள்ள நாடுகளில் இந்த விகிதம் இறங்கும். டில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் ஜனவரியின் சராசரி இரவு வெப்பநிலை 7 டிகிரியை ஒட்டியும் பகல் 20 டிகிரியை ஒட்டியும் இருக்கிறது. ஹீட் பம்புக்கு இதைவிடத் தோதான குளிர்காலம் அமைவது அரிது.

மறுப்புகள் இருக்கின்றன. குளிர் இரண்டே மாதம், அதற்காக 40,000 ரூபாய் ஏசியா என்பது முதலாவது, நியாயமானதும்கூட. ஹீட்டருக்காக மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகாது. கோடைக்காக வாங்கப்போகும் ஏசியில் சூடாக்கும் வசதியும் சேர்த்து வாங்குவதற்கு ஆகும் வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். டில்லி மின்கட்டணம் அந்த வித்தியாசத்தை வேகமாக அடைக்கும். 2019 ஆகஸ்டிலிருந்து அங்கே மாதம் 200 யூனிட்வரை மானியத்தால் கட்டணம் பூஜ்யம்; 400 யூனிட்வரை பாதி, அதுவும் 800 ரூபாய்க்கு மிகாமல்; அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. ஜனவரியில் 150 யூனிட் செலவழிக்கும் வீடு, 1,500 வாட் ஹீட்டரைத் தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் 135 யூனிட் கூடி பூஜ்யக் கட்டண எல்லையைக் கடந்துவிடும். அதே வெப்பத்தை மூன்றில் ஒரு பங்கில் பெற்றால் 195இல் நிற்கும். இரண்டாவது மறுப்பு, அடர்பனியில் வெளி யூனிட்டின் சுருளில் உறைபனி படிகிறது என்பது. படியும், கருவி சில நிமிடம் திசைமாறி ஓடி அதைக் கரைக்கும், அந்த நேரத்தில் திறன் இறங்கும். மூன்று என்பது இரண்டரை ஆகலாம், ஒன்றுக்குப் போகாது.

ஹீட்டர் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், அதனால்தான் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கிறோம் என்ற நம்பிக்கை வேறொரு பொருளிலிருந்து வந்தது. நிலக்கரி அடுப்பான அங்கீட்டியும் கேஸ் கீசரும் ஆக்ஸிஜனைத் தின்னும், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடைக் கக்கி உயிரையும் வாங்கும். நைக்ரோம் கம்பி எதையும் எரிப்பதில்லை. தோலும் தொண்டையும் வறள்வது, குளிர்காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பத விகிதம் இறங்கிவிடுவதால். 8 டிகிரியில் 90 சதவீதம் ஈரமுள்ள காற்று 20 டிகிரியில் 41 சதவீதம் ஆகிவிடும், சூடாக்கியது ஏசியானாலும் ஹீட்டரானாலும். இங்கே பழைய ஹீட்டரின் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குடியிருப்பு வாசலில் இரவு முழுக்க உட்காரும் காவலாளிக்கு ஹீட் பம்ப் உதவாது. திறந்த வெளியில் ஆள் மேல் விழும் கதிர் மட்டுமே பயன்படும். அவர் விறகும் குப்பையும் கொளுத்துவதைத் தவிர்க்க, குடியிருப்போர் சங்கங்கள் காவலாளிகளுக்கு மின்ஹீட்டர் தர வேண்டும் என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தின் செயல்திட்டம் சொல்கிறது. மின்தடை ஹீட்டருக்கு இதைவிடக் கௌரவமான வேலை கிடையாது.

கடைசியாக, வீட்டு வயரிங். டில்லியின் குளிர்கால மின்தேவை 2024 ஜனவரியில் 5,800 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் கீசருக்கும் ஹீட்டருக்கும் கணிசமான பங்கு. ஊருக்கு வரும் அந்தப் பாரம் வீட்டுக்குள் ஒரு பிளக்கில் வந்து இறங்குகிறது. சிறிய 6 ஆம்பியர் பிளக் 1,380 வாட்வரைக்கும்தான். 2,000 வாட்டுக்குப் பெரிய துளையுள்ள 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். பழைய அடுக்ககங்களில் தளர்ந்துபோன சாக்கெட்டில் அரை ஓம் தடை இருந்தாலே, 8.7 ஆம்பியர் ஓடும்போது ஜூலின் விதிப்படி அந்தப் புள்ளியில் 38 வாட் பிறக்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தையே உருக்கும். வரும் கோடையில் ஏசி மாற்றப்போகிறவர்கள் கடைக்காரரிடம் இது குளிர்காலத்தில் சூடும் தருமா என்று கேட்டு வாங்குங்கள். அதுவரை ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகாதீர்கள். அரை மணி நேரம் ஓடியபின் அணைத்துப் பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள், பின்கள் சுட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.